பிரிட்டிஷ் டிவி: எங்கள் வீட்டு சோபாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2006-ல் ரெடிங் நகரத்துக்கு வந்தேன். அப்போதிருந்து ஜூன் பிறந்தால் போதும், தென்காசியிலிருந்து யாராவது வந்து இறங்குவார்கள். லண்டன் பாலம், அரண்மனை, சக்கர ராட்டினம் எல்லாம் மூன்று நாளில் முடிந்துவிடும். நாலாம் நாள் மழை பெய்யும். மழை பெய்தால் டிவி, டிவி ஓடினால் கேள்வி. ஆள்தான் மாறுகிறார்களே தவிர கேள்வி மாறுவதில்லை. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். அடுத்து வருபவர்கள் விமானத்திலேயே படித்துவிட்டு வரவும்.

பதில்களில் அடிக்கடி ஒரு பாட்டி வருவார். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். வயது எண்பத்து நாலு. என்னை 'லவ்' என்று கூப்பிடுவார். பால்காரர், பஸ் டிரைவர், பல் டாக்டர் எல்லோருமே அவருக்கு லவ்தான், நான் பெருமைப்பட ஒன்றுமில்லை. கீழே இருப்பதில் பாதி அவர் சொன்னது, மீதியில் கொஞ்சம் அந்தச் சுவர் வழியாகக் கேட்டது.

டிவி பார்க்க லைசென்ஸ் வாங்க வேண்டுமாமே, நிஜமா?

நிஜம். 2025 ஏப்ரல் கணக்குப்படி வீட்டுக்கு வருஷத்துக்கு 174.50 பவுண்டு. எந்தச் சேனலாக இருந்தாலும் ஒளிபரப்பாகிற நேரத்திலேயே பார்ப்பதற்கும், பிபிசியின் இணையச் சேவையான ஐபிளேயரில் எதைப் பார்ப்பதற்கும் இது வேண்டும். பெரியப்பா இதை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு, "முதல்ல அதை அணைப்பா" என்றார்.

கறுப்பு வெள்ளை டிவிக்குத் தனி லைசென்ஸ் உண்டு: அதே 2025 கணக்கில் 58.50 பவுண்டு. இந்தக் காலத்திலும் சில ஆயிரம் பேர் அதை வாங்கிவந்தார்கள். அத்தனை பழைய பெட்டிகள் உயிரோடு இருந்தனவா, அல்லது அத்தனை பேர் சிக்கனக்காரர்களா என்பதை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிடுவோம். பார்வையற்றவர்களுக்குப் பாதி விலை. முழுச் சலுகை இல்லை, பாதி. பார்க்க முடியாவிட்டாலும் காதால் கேட்கிறார் அல்லவா, அதற்கு. யாரோ ஒரு அதிகாரி உட்கார்ந்து நிதானமாக யோசித்துத்தான் இந்தக் கணக்கைப் போட்டிருக்க வேண்டும்.

ரொம்பச் சிரிக்க வேண்டாம். நம் ஊரிலும் எண்பதுகள் வரை ரேடியோவுக்கு லைசென்ஸ் இருந்தது. தாத்தா தபால் ஆபீஸில் வருஷா வருஷம் பணம் கட்டி, அந்தச் சின்னப் புத்தகத்தைப் பத்திரப் பெட்டியில் நிலப் பட்டாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

லைசென்ஸ் பணம் வாங்குகிறார்கள், சரி. விளம்பரமே வராதா?

அந்த லைசென்ஸ் பணத்தில் ஓடும் பிபிசியில் இங்கே வராது. மற்றச் சேனல்களில் வரும். 1955 செப்டம்பர் 22 அன்று ஐடிவி தொடங்கியபோதுதான் பிரிட்டிஷ் டிவியில் முதல் விளம்பரம் வந்தது. பனிக்கட்டிக்குள் பதித்துவைத்த ஒரு பற்பசை. ஐஸில் ஏன் பற்பசை வைத்தார்கள் என்று பாட்டிக்கு இன்றுவரை விளங்கவில்லையாம்.

அன்று இரவு பிபிசி சும்மா இருக்கவில்லை. 'தி ஆர்ச்சர்ஸ்' என்று கிராமத்து வாழ்க்கையைச் சொல்லும் வானொலித் தொடர் ஒன்று உண்டு, இன்றும் ஓடுகிறது. புதுச் சேனல் தொடங்கிய அதே மாலையில், அந்தத் தொடரின் இளம் மனைவி கிரேஸைத் தீவிபத்தில் கொன்றுவிட்டார்கள். மறுநாள் ஊரெல்லாம் கிரேஸ் சாவுதான் பேச்சு, புதுச் சேனலைப் பற்றிப் பேச ஆளில்லை. போட்டி சேனலில் சிறப்புத் திரைப்படம் போடும் அன்று கதாநாயகிக்கு விபத்து வைக்கும் நம் சீரியல்காரர்களுக்கு இது முன்னோடி.

அப்புறம் இன்னொரு விஷயம். 1957 வரை மாலை ஆறு முதல் ஏழு மணிவரை இங்கே டிவியில் ஒன்றுமே வராது. காலி. குழந்தைகளை அம்மாக்கள் தூங்கவைப்பதற்காக நாடே ஒரு மணி நேரம் திரையை அணைத்து வைத்திருந்தது. என் தம்பி மகன் வந்திருந்தபோது இதைச் சொன்னேன். ஏதோ சர்வாதிகார நாட்டைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டான்.

இங்கே சீரியல் பார்ப்பார்களா?

சீரியல் என்று கேட்டால் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடுவதைக் காட்டுவார்கள். 'சோப்' என்று கேளுங்கள். முக்கியமானவை மூன்று. 'கோரோனேஷன் ஸ்ட்ரீட்' 1960 டிசம்பரிலிருந்து ஓடுகிறது. 'எம்மர்டேல்' 1972. 'ஈஸ்ட்எண்டர்ஸ்' 1985.

அம்மா வந்திருந்தபோது ஈஸ்ட்எண்டர்ஸ் பார்த்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. துணி துவைக்கும் கடையில் ஒரு பெண்ணும் ஆணும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைக்காமல், "அது மாசமா இருக்கு. அவனுக்கு இன்னும் சொல்லலை" என்றார். நான் நம்பவில்லை. அடுத்த வாரம் அவள் சொன்னாள்.

ஆனால் அம்மாவுக்கு இரண்டு குறைகள். முதலாவது, பின்னணி இசையே இல்லை. "எங்கே அழணும்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இந்த சோப்களில் யார் செத்தாலும் பிரிந்தாலும் வயலின் அழாது. பின்னால் கெட்டில் கொதிக்கும், பஸ் போகும், அவ்வளவுதான். ஈஸ்ட்எண்டர்ஸில் மட்டும் கடைசி நொடியில், யாராவது ஒரு ரகசியத்தைப் போட்டு உடைத்ததும், டம் டம் டம் என்று ஒரு தாளம் அடித்து முடிப்பார்கள். தொடர் வரும் நாட்களில் மணி எட்டு ஆகும்போது அந்தத் தாளம் எங்கள் சுவர் வழியாக வரும். கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை, குக்கரை இறக்கிவிடலாம்.

இரண்டாவது குறை, "ஒருத்தி கழுத்திலயும் ஒண்ணுமில்லையே." அதுதான் பெரிய வித்தியாசம். நம் சீரியலில் தூங்கும்போதும் நெக்லஸ் போட்டிருப்பார்கள், படிக்கட்டு வைத்த பங்களாவில் அழுவார்கள். இங்கே மீன் வறுவல் கடையிலும் சாராயம் விற்கும் பப்பிலும் அழுகிறார்கள். தங்கள் வீட்டைவிடச் சின்ன வீட்டை டிவியில் பார்ப்பதில் இந்த மக்களுக்கு ஒரு நிம்மதி இருக்கிறது என்பது என் கணிப்பு.

கோரோனேஷன் ஸ்ட்ரீட்டின் முதல் பகுதியிலேயே இதற்கு ஒரு காட்சி உண்டு. கல்லூரியில் படிக்கும் கென் பார்லோ வீட்டில் சாப்பிட உட்காருகிறான். மேஜையில் சாஸ் பாட்டில் அப்படியே பாட்டிலோடு வந்து உட்காருகிறது. அவன் முகம் சுருங்குகிறது, அப்பா கவனித்துவிடுகிறார். படித்த மகனும் உழைக்கும் அப்பாவும் முறைத்துக்கொள்ள ஒரு பாட்டில் போதும். நமக்கு ஜாதி எவ்வளவோ, இவர்களுக்குக் கிட்டத்தட்ட அவ்வளவு இந்த 'கிளாஸ்' என்கிற வர்க்க வித்தியாசம். பேசும் விதம், சாப்பாட்டுக்கு வைக்கும் பெயர், சாஸை எதில் ஊற்றுகிறாய் என்பது வரை பார்ப்பார்கள். அந்த கென்னாக நடித்த வில்லியம் ரோச், தொண்ணூறு வயதைத் தாண்டியும் அதே கென்னாக நடித்துக்கொண்டிருந்தார்.

1998-ல் இதே தொடரில் டீட்ரா என்ற பெண் செய்யாத குற்றத்துக்குச் சிறைக்குப் போனார். 'விடுதலை செய்' என்று பத்திரிகைகள் இயக்கம் நடத்தின. பிரதமர் டோனி பிளேர் வரை அவருக்காகப் பேசினார். கதாபாத்திரத்துக்காக! பாட்டியிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "அவள் அப்பாவிதானே, லவ்" என்றார்.

நடிகர் விலகிவிட்டால் 'இவருக்குப் பதில் இவர்' என்று போடுவார்களா?

அந்த நேர்மை இவர்களிடம் கிடையாது. 'மிட்சமர் மர்டர்ஸ்' என்று 1997-ல் தொடங்கிய கொலைத் தொடர் ஒன்று. துப்பறியும் அதிகாரி பார்னபியாக நடித்த ஜான் நெட்டில்ஸ் 2011-ல் விலகினார். என்ன செய்தார்கள் தெரியுமா? அவருடைய பெரியப்பா சித்தப்பா வழியில் ஒரு தம்பியைக் கொண்டுவந்தார்கள். அவரும் போலீஸ், அவர் பெயரும் பார்னபி. தலைப்பையோ கார் கதவைத் திறந்து "பார்னபி" என்று அறிமுகம் செய்துகொள்வதையோ மாற்ற வேண்டியதில்லை.

அந்தத் தொடரின் அழகே வேறு. பூந்தோட்டம், கல் வீடு, தேவாலய மணி, கேக் விற்கும் திருவிழா. அதற்கு நடுவில் வாரத்துக்கு மூன்று பிணம். ஒரு பகுதியில் ஓர் ஆளை ராட்சத சீஸ் உருளையாலேயே கொன்றார்கள். பார்க்கும் யாரும் பதறுவதில்லை. பாட்டி இதைத் தூக்கம் வருவதற்காகப் பார்க்கிறார். ஷெட்லாண்ட் தீவுகளில் மொத்தம் சுமார் 23,000 பேர்தான் வசிக்கிறார்கள், அங்கேயும் ஒரு தொடர் எடுத்து வருஷக்கணக்கில் கொலை செய்துகொண்டிருக்கிறார்கள். ஆள் தீர்ந்துவிடாதா என்று பெரியப்பா உண்மையிலேயே கவலைப்பட்டார்.

டிவி நிகழ்ச்சி முடிந்ததும் நாடே டீ போடுவதால் கரண்டு தட்டுப்பாடு வரும் என்கிறார்களே, கட்டுக்கதைதானே?

கதையில்லை. எனக்கு இந்த நாட்டில் ரொம்பப் பிடித்த விஷயமே இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

இங்கே எல்லா வீட்டிலும் மின்சார கெட்டில் இருக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்று கிலோவாட் இழுக்கும். ஒரு நிகழ்ச்சியை ஒரு கோடிப் பேர் பார்க்கிறார்கள் என்று வையுங்கள். முடிந்த நொடியில் அதில் கணிசமானவர்கள் எழுந்து அடுப்படிக்குப் போய் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்துகிறார்கள். போதாக்குறைக்குக் கழிப்பறைக்குப் போகிறவர்களால் தண்ணீர் பம்புகளும் ஓடத் தொடங்கும். மின்தொகுப்பில் இதற்கு 'டிவி பிக்அப்' என்று பெயரே உண்டு. கட்டுப்பாட்டு அறைப் பொறியாளர்கள் நிகழ்ச்சி அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஈஸ்ட்எண்டர்ஸ் எத்தனை மணிக்கு முடியும் என்பது அவர்களுக்கு அலுவல் சம்பந்தப்பட்ட தகவல்.

1990 ஜூலை 4 அன்று உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்து மேற்கு ஜெர்மனியிடம் பெனால்டியில் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் தேவை சுமார் 2,800 மெகாவாட் எகிறியது. கூடங்குளத்தின் இரண்டு உலைகளும் முழு வேகத்தில் ஓடினாலும் 2,000 மெகாவாட்தான், ஒரு ஒப்பீட்டுக்குச் சொல்கிறேன். தோற்ற துக்கத்தில் நாம் டிவியை உடைப்போம், இவர்கள் தண்ணீர் கொதிக்க வைத்தார்கள்.

இந்தத் தேவையைச் சமாளிக்க வேல்ஸில் ஒரு மலையையே குடைந்து வைத்திருக்கிறார்கள். டினோர்விக் மின்நிலையம், 1984-ல் திறந்தது. இரவில் மின்சாரம் மலிவாகக் கிடைக்கும்போது கீழே உள்ள ஏரித் தண்ணீரை மேலே உள்ள ஏரிக்கு ஏற்றி வைப்பார்கள். தேவை எகிறும்போது மேலிருந்து திறந்துவிடுவார்கள். டர்பைன்கள் சும்மா சுழன்று தயாராக இருந்தால் 12 விநாடியில் 1,320 மெகாவாட் தரும். பாட்டி சோபாவிலிருந்து எழுந்து கெட்டிலிடம் போய்ச் சேர அதைவிட அதிக நேரம் ஆகும்.

இப்போது ஆளாளுக்கு அவரவர் நேரத்தில் போனில் பார்ப்பதால் பிக்அப் குறைந்துவிட்டது. எனக்கு அதில் ஒரு சின்ன வருத்தம். பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் நிற்பவரிடம் மழையைத் தவிர எதையும் பேசாத ஜனங்கள் இவர்கள். ஒருவருக்கொருவர் தெரியாமலே, கதவைச் சாத்திக்கொண்டு, நாடு முழுக்க ஒரே நொடியில் ஒரே காரியத்தைச் செய்திருக்கிறார்கள். நம் ஊரில் அதற்குத் தேர் இழுக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாகவும் ஒருமுறை நடந்தது. 1964 ஏப்ரல் 20, பிபிசியின் இரண்டாவது சேனல் கோலாகலமாகத் தொடங்க வேண்டிய இரவு. பாட்டர்சீ மின்நிலையத்தில் தீப்பிடித்து லண்டனின் பெரும்பகுதி இருண்டது. கோலாகலம் ரத்து. மறுநாள் காலை ஒரு குழந்தைகள் நிகழ்ச்சிதான் அந்தச் சேனலின் முதல் முழு நிகழ்ச்சியாகப் போனது.

கேக் சுடும் போட்டியில் ஏன் அழுகிறார்கள்? பரிசு அவ்வளவு பெரிதா?

பரிசு: கேக் வைக்கிற கண்ணாடித் தட்டு ஒன்று, ஒரு பூங்கொத்து. பணம் கிடையாது. 'தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்' 2010-ல் தொடங்கியது. ஒரு மாளிகைப் புல்வெளியில் வெள்ளைக் கூடாரம், அதற்குள் பன்னிரண்டு பேர் மாவு பிசைவார்கள். வில்லன் கிடையாது. ஒருவருக்குக் கிரீம் உருகினால் பக்கத்து மேஜைக்காரர் ஓடிவந்து தாங்கிப் பிடிப்பார். நடுவர் பால் ஹாலிவுட் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கை குலுக்கினால் அது பரமவீர சக்கரத்துக்குச் சமம். சுட்ட பண்டத்தின் அடிமாவு ஈரமாக இருந்தால் அவமானம்.

2015-ல் வங்காளதேசப் பெற்றோருக்கு லூட்டனில் பிறந்த நதியா ஹுசைன் வென்றார். அடுத்த வருஷம் ராணியின் தொண்ணூறாவது பிறந்தநாள் கேக்கை அவர்தான் செய்தார். அதன்பின் நிகழ்ச்சியைச் சேனல் 4 பெரும் பணம் கொடுத்து வாங்க, பிபிசியோடு இருந்த இன்னொரு நடுவர் மேரி பெர்ரியும் தொகுப்பாளர்கள் இருவரும் போகவில்லை, பால் மட்டும் போனார். இரண்டு கட்சியாகப் பிரிந்து ஆபீஸில் விவாதித்தார்கள். அந்த வருஷம்தான் பிரெக்ஸிட் வாக்கெடுப்பும் நடந்தது. எதைப் பற்றி ஆபீஸில் வாய் திறந்து பேச முடிந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நல்ல காமெடித் தொடர்களை ஏன் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்?

பாதி இல்லை, அதுதான் முழுசு. 'ஃபால்டி டவர்ஸ்' இந்த நாட்டின் தலைசிறந்த காமெடி என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். மொத்தம் 12 பகுதி. 1975-ல் ஆறு, 1979-ல் ஆறு. நாம் வீடு வீடாகப் பார்த்துச் சிரித்த 'மிஸ்டர் பீன்' 15 பகுதிதான். நூறு இருக்கும் என்று சத்தியம் செய்வீர்கள், அதே பதினைந்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறோம். பன்னிரண்டு பகுதியில் நம் சீரியல் கதாநாயகி மாப்பிள்ளை வீட்டு வாசற்படியில்கூடக் கால் வைத்திருக்க மாட்டாள்.

ஒரு காரணம், எழுதுவது பெரும்பாலும் ஒருவர் அல்லது இருவர். ஃபால்டி டவர்ஸை ஜான் கிளீஸும் கானி பூத்தும் சேர்ந்து எழுதினார்கள். எழுதித் தீர்ந்ததும் நிறுத்திவிட்டார்கள்.

காமெடி நாயகன் யார் என்று கவனியுங்கள். தன்னைப் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு தோற்றுப்போனவன். விருந்தாளிகளை வெறுக்கும் ஹோட்டல் முதலாளி, படைத் தளபதியாகத் தன்னைக் கருதும் பேங்க் மேனேஜர், எல்லோருக்கும் தன்னைப் பிடிக்கும் என்று நம்பும் ஆபீஸ் பாஸ். அடிவாங்கிக்கொண்டே கெத்தாகப் பேசும் வடிவேலுவை ரசித்த நமக்கு இது புதிதில்லை. வடிவேலுவை ஊரே கூடி அடிக்கும். இவர்களை யாரும் தொடமாட்டார்கள். எதிரில் இருப்பவர் ஒரு விநாடி மௌனமாக இருந்துவிட்டு "ரைட்" என்பார். அந்த ஒரு விநாடி அடியைவிட வலிக்கும். ஆபீஸில் எனக்கும் விழுந்திருக்கிறது.

டாக்டர் ஹூ புரியவே இல்லை. எங்கே தொடங்கினால் புரியும்?

எங்கே வேண்டுமானாலும். 'டாக்டர்' என்ற ஒருவர் காலத்துக்குள் பயணம் போகும் விஞ்ஞானக் கதைத் தொடர் இது. 1963 நவம்பர் 23, கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டதற்கு மறுநாள் தொடங்கியது. முதல் கதையை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன். மூன்றே வருஷத்தில் நாயக நடிகருக்கு உடம்பு முடியாமல் போனபோது, கூடு விட்டுக் கூடு பாய்வது அவர் இயல்பு என்று சொல்லி ஆளை மாற்றினார்கள். விக்கிரமாதித்தன் கதை கேட்டவர்களுக்கு இதில் சிரமமே இருக்கக் கூடாது. அப்புறம் எத்தனையோ பேர் பாய்ந்துவிட்டார்கள். அறுபதுகளின் பகுதிகள் நிறைய இல்லை, டேப்பை மறுபடி பயன்படுத்துவதற்காக பிபிசியே அழித்துவிட்டது. பழைய புடவையைக் கொடுத்துப் பாத்திரம் வாங்கும் மனசு எல்லா நாட்டிலும் உண்டு.

நம்ம ஊர் நிகழ்ச்சிகளில் எதெல்லாம் இங்கிருந்து வந்தது?

'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' இங்கே 1998-ல் பிறந்தது. விளக்கு மங்குவதும் இதயம் அடிப்பதுபோல் இசை வருவதும் எல்லாம் இங்கே தைத்த சட்டை, 2012-ல் சூர்யா போட்டுக்கொண்டார். 'மாஸ்டர்செஃப்' 1990-ல் பிபிசியில் வந்தது, 2021-ல் விஜய் சேதுபதியோடு தமிழுக்கு வந்தது. பிக் பாஸ் இவர்களுடையது இல்லை, நெதர்லாந்துச் சரக்கு. ஆனால் 2007-ல் ஷில்பா ஷெட்டியை அந்த வீட்டுக்குள் வைத்து மற்றவர்கள் பேசிய பேச்சுக்கு 40,000-க்கும் மேல் புகார் குவிந்தது இங்கேதான். கடைசியில் அவரே ஜெயித்தார்.

அந்தக் கோடி நிகழ்ச்சியில் 2001-ல் ஒரு ராணுவ மேஜர் பத்து லட்சம் பவுண்டு ஜெயித்தார். சரியான விடையை அவர் உச்சரிக்கும்போதெல்லாம் அரங்கில் ஒருவர் இருமினார் என்று வழக்கு. 2003-ல் நீதிமன்றம் குற்றம் நிரூபணம் என்றது. பரீட்சை ஹாலில் இருமலுக்கு அர்த்தம் உண்டு என்பதை நம் பள்ளிக்கூடங்களில் கேட்டிருந்தால் இலவசமாகச் சொல்லியிருப்போம்.

டிவியில் நம்ம ஆட்கள் யாராவது?

ரோமேஷ் ரங்கநாதன். பெற்றோர் இலங்கைத் தமிழர்கள், அவர் பிறந்தது கிராலியில். கணக்கு வாத்தியாராக இருந்து சிரிப்பு நடிகரானார். 2021 முதல் 'தி வீக்கஸ்ட் லிங்க்' நடத்துகிறார். அவருடைய அம்மாவும் நிகழ்ச்சிகளில் வந்து மகனைப் போட்டுத் தாக்குவார். அந்த அம்மாவைப் பார்க்கும்போது மட்டும் எங்கள் அம்மாவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

'பிரிட்ஜர்டன்' தொடரை எடுப்பவர்கள் அமெரிக்கர்கள், எடுத்த இடம் இங்கே. இரண்டாம் பருவத்தில் அக்கா தங்கையாக நடித்த சிமோன் ஆஷ்லியும் சரித்ரா சந்திரனும் தமிழ்க் குடும்பத்துப் பெண்கள். கதையில் அப்பாவை 'அப்பா' என்கிறார்கள், அக்காவை 'தீதி' என்கிறார்கள், தெரிந்த மொழி மராத்தியும் ஹிந்துஸ்தானியும் என்கிறார்கள். ஒரே வீட்டில் இந்தியா முழுவதும். அத்தை அதைப் பார்த்துவிட்டு, "இவங்க அப்பா ரயில்வேயில இருந்திருப்பாரு" என்றார். இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொருவர், நம் ஆள் என்று சொல்ல முடியாது, ஆனால் நம் ஊரில் பிறந்தவர். எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க், 1936-ல் மெட்ராஸில் பிறந்த பாடகர். 1967-ல் பீட்டில்ஸை விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வரவிடாமல் தடுத்தவர்.

அவர் இப்போது என்ன செய்கிறார் என்று கேட்கவில்லை. யூரோவிஷன் என்றால் என்ன?

அவரிடம்தான் வருகிறேன். ஐரோப்பிய நாடுகள் ஆளுக்கொரு பாட்டு அனுப்பி, ஒருவருக்கொருவர் மார்க் போடும் போட்டி. பிரிட்டன் ஐந்து முறை ஜெயித்திருக்கிறது, கடைசியாக 1997-ல். அதன்பின் 2003-ல் பூஜ்யம், 2021-ல் பூஜ்யம். நடுவில் 2012-ல் நம் மெட்ராஸ்காரரை 76 வயதில், போட்டி நடந்த பாகு நகரத்துக்கு அனுப்பினார்கள். 26 பேரில் 25-ஆவது. 2022-ல் சாம் ரைடர் இரண்டாவது இடம் வந்தபோது எப்படி நடந்துகொள்வதென்றே யாருக்கும் தெரியவில்லை. தோற்பதற்குச் சொல்லவேண்டியதெல்லாம் மனப்பாடம், ஜெயிக்கும்போலிருந்தால் கைகால் ஓடுவதில்லை. எங்கள் தெருவில் விருந்து வைத்தவர்கள் மார்க் அறிவிக்கும் நேரத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு சத்தத்தைக் குறைத்தார்கள்.

வானிலை அறிக்கையை ஏன் இவ்வளவு பக்தியாகப் பார்க்கிறார்கள்?

ஒருமுறை சூடுபட்டதால். 1987 அக்டோபர் 15 மதியம், பிபிசியில் மைக்கேல் ஃபிஷ், புயல் வருவதாக ஒரு பெண்மணி போன் செய்ததாகவும், கவலை வேண்டாம், வரவில்லை என்றும் சொன்னார். அன்று இரவு தென் இங்கிலாந்தைக் காற்று புரட்டிப்போட்டது. பதினெட்டுப் பேர் இறந்தார்கள், ஒன்றரைக் கோடி மரங்கள் விழுந்தன. செவன்ஓக்ஸ் என்ற ஊரின் பெயரே ஏழு ஓக் மரம் என்பதுதான். அங்கே கிரிக்கெட் மைதானத்தில் பெயருக்கேற்ப நின்ற ஏழில் ஆறு சாய்ந்துவிட்டன. தான் சொன்னது அமெரிக்காப் பக்கத்துப் புயலைப் பற்றி என்று ஃபிஷ் பல வருஷம் விளக்கினார். யார் கேட்டார்கள்?

இதைவிட விசேஷம், ரேடியோ 4-ல் நள்ளிரவு தாண்டி வரும் கப்பல் வானிலை அறிக்கை. கடலை 31 பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றாகப் பெயர் சொல்வார்கள். வைக்கிங், டாகர், ஜெர்மன் பைட், ஃபாஸ்ட்நெட், ராக்கால்... காற்று எத்திசை, கடல் எப்படி, பார்வைத் தெளிவு என்ன. நம் துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுபோல மீனவர்களுக்கும் மாலுமிகளுக்கும் ஆனது. ஆனால் கேட்பவர்களில் நிறையப் பேர் கடல் பக்கமே போகாதவர்கள். போர்வைக்குள் படுத்துக்கொண்டு, வேறு எங்கோ அலை அடிக்கிறது, நாம் அதில் இல்லை என்று தெரிந்துகொண்டு தூங்குகிறார்கள். அதில் "நன்று, அவ்வப்போது மோசம்" என்றொரு சொல் வழக்கு வரும். பாட்டியிடம் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டால் இதே பதில்தான்.

கிறிஸ்துமஸ் அன்று வந்தால் என்ன பார்க்கலாம்?

மதியம் மூன்று மணிக்கு மன்னர் பேசுவார். 1957 முதல் இது டிவியில் வருகிறது, அப்போது ராணி. அதன்பின் இரவு சோப்களில் யாருடைய குடும்பமாவது நாசமாகும். பண்டிகை அன்று மங்களமாக எதுவும் காட்டக் கூடாது என்று எழுதாத சட்டம். 1986 கிறிஸ்துமஸ் அன்று ஈஸ்ட்எண்டர்ஸில் பப் முதலாளி டென் தன் மனைவி ஏஞ்சியிடம் "ஹேப்பி கிறிஸ்துமஸ்" சொல்லி விவாகரத்துக் காகிதத்தைக் கொடுத்தான். பார்த்தவர்கள் மூன்று கோடிக்கும் மேல், நாட்டின் பாதி ஜனத்தொகை.

நம் வீட்டில் தீபாவளிச் சிறப்புத் திரைப்படத்துக்கு அடித்துக்கொள்வதுபோல இங்கேயும் உண்டு. டிசம்பரில் இரண்டு வாரத்துக்கான தடித்த டிவி இதழ் வரும். பாட்டி சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைப்பார். ஒரு வருஷம் என்னிடம் இதழைக் கொடுத்து, "உனக்குப் பிடித்ததில் நீயும் வட்டம் போடு, அந்த நேரத்துக்கு வா" என்றார். பன்னிரண்டு வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தபின் வந்த முதல் அழைப்பு. நான் பயந்துபோய் ஒரே ஒரு வட்டம், அதுவும் பென்சிலால் போட்டேன்.

சரி, ஜூனில் வருகிறோம். என்ன வாங்கி வர?

முறுக்கு. பாட்டிக்கு ஒரு பொட்டலம் தனியாக, கை முறுக்கு வேண்டாம், மெல்லிசான தேன்குழலாக இருக்கட்டும். போன தடவை கொண்டுவந்த கை முறுக்கைக் கடித்த சத்தத்தில் மிட்சமரில் கொலைகாரன் பெயர் கேட்காமல் போய்விட்டது. ராத்திரி பத்து மணிக்கு வந்து என் கதவைத் தட்டி, யார் என்று கேட்டார்.